முப்பத்திரண்டு முத்துக்களின் காவலர்



நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருக்குச் சுரங்க எந்திரங்களை எடுத்து விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரியின் மேல் கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் அகழ்ந்தெடுக்கும் அந்தப் பெருஞ்சக்கர எந்திரத்தை அங்குள்ள சிறுவர்களும் அறிவார்கள். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். ஒவ்வொரு வாளியின் விளிம்பிலும் எஃகுப் பற்கள். கடலூர் மணற்பாறை எனப்படும் அவ்விடத்துக் கடும்பாறை அந்த எஃகையும் தேய்த்துவிடும் தன்மையது. தேய்ந்த பல்லைக் கழற்றிவிட்டுப் புதுப்பல் பொருத்துவது சுரங்கத்தில் வழக்கமான பணியாகும். பல் இல்லையேல் எந்திரம் இருந்தும் பயனில்லை என்பதை உணர்ந்து, அதனைக் கவனிப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள்.

அந்த எந்திரத்தை இயக்கும் மனிதனின் வாயிலும் பற்கள் இருக்கின்றன. அவற்றைக் கவனிப்பவர் எத்தனை பேர்? எஃகுப் பல்லுக்கு மாற்று உண்டு. மனிதனுக்கு ஆறாவது வயதில் முளைக்கும் நிலைப்பல் போய்விட்டால், அந்த இடத்தில் இன்னொரு பல் முளைப்பதில்லை. எண்ணிப் பாருங்கள்!

இறைவன் நமக்கு அருளியுள்ள கொடைகளுள் பல் விந்தையானது. இருக்கும்வரை அது நினைக்கப்படுவதில்லை; போனபின் மறக்கப்படுவதில்லை. இஸ்லாமியச் சட்டநூல்கள் இதன் மதிப்பை எண்ணிட்டே காட்டியுள்ளன. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன் நூறு ஒட்டகங்கள் ஈடாகத் தர வேண்டும் என்று வகுத்த அச்சட்டம், ஒரே ஒரு பல்லுக்கு ஐந்து ஒட்டகங்களை ஈடாக வைத்தது. பிறர் நம் பல்லை உடைத்தால் ஈடு கேட்க வழியுண்டு. நம்முடைய கவனக்குறைவால் நாமே அதனை இழந்தால் யாரிடம் சென்று ஈடு கேட்பது?

இச்சிறு உறுப்பைக் காக்கும் கலைக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்த ஒரு பெருமகனாரின் வரலாற்றை இவ்வாரம் காண்போம். அவர்தாம் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். இந்திய நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர்.

அலிகாரில் ஒரு மாணவர்

ரஃபியுத்தீன் அஹ்மத் 1890 ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 24 ஆம் நாள் கிழக்கு வங்கத்தில் பிறந்தார். அப்பகுதி இன்று பங்களாதேஷ் நாட்டில் உள்ளது. இளமையில் அவர் அலிகார் சென்று, சர் சையத் அஹ்மத் கான் நிறுவிய கல்லூரியில் பயின்று 1908 இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியே 1920 இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அந்நாளில் அலிகாரில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு அரசு உத்தியோகமும் வழக்கறிஞர் தொழிலும் கண்முன்னே இருந்தன. பல் மருத்துவத்தை ஒரு படிப்பாக எண்ணியவர் மிகச் சிலரே. ஏனெனில் அதனைக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றுகூட அன்றைய இந்தியாவில் இல்லை. பல்வலி வந்தால் நாவிதரிடமோ, கடைத்தெரு ஓரத்தில் துணி விரித்துக் குறடு பரப்பி அமர்ந்திருப்பவரிடமோ மக்கள் சென்றார்கள். பல் வைத்தியம் என்றால் பல்லைப் பிடுங்குதல் என்பதே பொருளாக இருந்தது. பிடுங்கிய பல்லோடு தாடை எலும்பின் துண்டு வந்ததும் உண்டு. பின்னர் சீழ் பிடித்துத் துன்புற்றதும் உண்டு.

அத்தகைய காலத்தில், 1909 ஆம் ஆண்டு, ரஃபியுத்தீன் அஹ்மத் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1915 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நம் மரபுக்குப் புதியதன்று

இது மேல்நாட்டாருக்கே உரிய கலை என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகருக்கு அருகில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, தாம் எழுதிய அத்தஸ்ரீஃப் என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவ நூலில் பல்லுக்கெனத் தனி இடம் ஒதுக்கினார். பற்களில் படியும் காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து காட்டினார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைத்து நிறுத்தும் முறையையும் எழுதினார். பல்லைப் பிடுங்குவதற்கு அவசரப்படக்கூடாது என்பது அவருடைய உறுதியான கருத்தாகும்.

மதரஸாவில் ஓதிய ஒவ்வொரு மாணவனும் பற்களின் பெயரை அறிவான். குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் கலையில், எழுத்துக்கள் பிறக்கும் இடங்களைக் கூறுமுன் முப்பத்திரண்டு பற்களையும் வகைப்படுத்திச் சொல்லுவது முறை. முன்னால் நடுவிலுள்ள நான்கும் தனாயா; அவற்றை அடுத்த நான்கும் ரபாஇய்யாத்; கோரைப்பற்கள் நான்கும் அன்யாப்; சிரிக்கும்போது தெரியும் அடுத்த நான்கும் ளவாஹிக்; உணவை அரைக்கும் பன்னிரண்டும் தவாஹின்; கடைசியில் முளைக்கும் நான்கும் நவாஜித். மேல் முன்பற்களின் நுனியைக் கீழுதட்டின் உட்புறம் தொடாமல் ஃபா என்னும் எழுத்து ஒலிக்காது. நாவின் ஓரம் மேற்கடைவாய்ப் பற்களில் சாராமல் ளாத் என்னும் எழுத்துப் பிறக்காது.

தமிழுக்கும் இது பொருந்தும். தொல்காப்பியர் தம் நூலின் பிறப்பியலில் பல், இதழ், நா, அண்ணம் ஆகியவற்றை எழுத்துப் பிறக்கும் உறுப்புக்களாக எண்ணிச் சொல்லியிருக்கிறார். வகரத்தைச் சொல்ல மேற்பல்லும் கீழுதடும் சேர வேண்டும். முன்பல் இழந்த முதியவர் பேசும்போது காற்று நழுவிச் சொல் குழறுவதை நாம் காண்கிறோம் அல்லவா? எனவே வாய் என்பது உண்பதற்கு மட்டும் அமைந்த வாயிலன்று. ஓதுவதற்கும் உரைப்பதற்கும் அதுவே கருவி. மேலே அண்ணம், முன்புறம் வன்மையாகவும் பின்புறம் மென்மையாகவும் அமைந்திருக்கிறது. மென்மையான பகுதி, விழுங்கும்போது உயர்ந்து, உணவு மூக்கினுள் ஏறாமல் அடைத்துக்கொள்கிறது. கீழே நா, சுவையை அறிந்து, கவளத்தைப் புரட்டிப் பற்களுக்கிடையே தள்ளுகிறது. இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணையாக அமைந்து, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர் சுரக்கின்றன.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள்

டாக்டர் பட்டம் பெற்ற ரஃபியுத்தீன் அஹ்மத் உடனே தாயகம் திரும்பிவிடவில்லை. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1918 வரை அவர் பாஸ்டன் நகரில் ஃபோர்சைத் பல் மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்தார். அது குழந்தைகளுக்கென்றே அமைந்த நிலையம். அந்நகரத்து ஏழைக் குழந்தைகளின் பற்களைக் காப்பதற்காகக் கொடையாளர்களால் நிறுவப்பட்டு 1914 இல் திறக்கப்பட்டது. நோய் முற்றியபின் பிடுங்குவதை விடுத்து, குழந்தைப் பருவத்திலேயே நோயைத் தடுப்பது அங்கு நடைபெற்ற பணி.

குழந்தையின் வாயில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். பெற்றோர் பலரும் அறியாத ஒரு செய்தி அங்கே இருக்கிறது. குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாவது மாதத்தில் பல் முளைக்கத் தொடங்கி, இரண்டரை வயதளவில் இருபது பாற்பற்களும் நிறைகின்றன. ஆறு வயதில் முன்னால் உள்ள பாற்பற்கள் ஆடி விழுகின்றன. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து குழந்தைகள் குதூகலிக்கின்றன. அதே காலத்தில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் மெல்ல எழுகிறது. மேலும் கீழும், வலமும் இடமுமாக அவை நான்கு. இவை நிலைப்பற்கள். பல் விழுந்து முளைக்காததால் இவற்றையும் பாற்பற்கள் என்றே தாய்மார்கள் எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும், விழுந்து முளைக்கும் பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அறுபது ஆண்டுகள் உணவை அரைக்க வேண்டிய பல், பத்து வயதிலேயே பிடுங்கப்படுவது இப்படித்தான்.

பாற்பல்லையும் இகழ்வதற்கில்லை. பின்னால் வரப்போகும் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. காலத்திற்கு முன் அது போய்விட்டால், பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தைக் கவர்ந்துகொள்ளும். பின்வரும் பல் வழியின்றிக் கோணலாக முளைக்கும்.

கல்கத்தாவில் ஒரு கல்லூரி

1919 இல் ரஃபியுத்தீன் அஹ்மத் இந்தியா திரும்பினார். அமெரிக்காவில் பட்டமும் அனுபவமும் பெற்ற ஒருவர் கல்கத்தாவில் செல்வர்களுக்கு மருத்துவம் பார்த்தே பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் மறு ஆண்டே, 1920 இல், ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. பம்பாயில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் லாகூரில் பல் மருத்துவக் கல்லூரியும் தோன்றப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதைக் கொண்டு இம்முயற்சியின் துணிவை அளந்துகொள்ளலாம்.

கல்லூரி என்றால் கட்டடம் வேண்டும், கருவிகள் வேண்டும், பொருள் வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி வியப்பானது. நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் பெயரில் கல்கத்தாவில் ஒரு குளிர்பானக் கடையைத் தொடங்கி, அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியை நடத்தினார். பல்லைக் கெடுக்கும் இனிப்பு நீரின் காசு, பல்லைக் காக்கும் கல்விக்குப் பயன்பட்டது காலத்தின் விந்தை என்றே சொல்ல வேண்டும். தாம் அமெரிக்காவில் பெற்ற கல்வி தம்மோடு முடிந்துவிடாமல், இந்நாட்டு மாணவர்களுக்குச் சென்று சேர அவர் எடுத்துக்கொண்ட பாடு இது.

அக்கல்லூரியில் பயின்றோருள் முஹம்மத் அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னாவும் ஒருவர். அவர் 1923 இல் பம்பாயில் சொந்தமாகப் பல் மருத்துவ நிலையம் தொடங்கினார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த அந்நாளில், ஒரு முஸ்லிம் பெண்மணி பல் மருத்துவராகத் தொழில் புரிந்தார் என்பது இன்றைய பெற்றோர் சிந்திக்கத்தக்கது.

பல்லின் உள்ளே

பல் மருத்துவம் பயில வரும் மாணவன் முதலில் கற்பது பல்லின் அமைப்பாகும். நாமும் சற்றே அதனை அறிந்துகொள்வோம். நெய்வேலி வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1957 இல் அங்கே மண் அகழத் தொடங்கி, 1961 இல்தான் நிலக்கரியைக் கண்டார்கள். மேலே மண்ணும் பாறையும், அதன் கீழே நிலக்கரி, அதற்கும் கீழே பெரும் அழுத்தத்தில் நிற்கும் நிலத்தடி நீர் என அந்த நிலம் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. பல்லும் அவ்வாறே அடுக்குகளால் ஆனது.

நம் கண்ணுக்குத் தெரியும் வெண்மையான மேற்பூச்சு எனாமல். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எலும்பும் இதற்கு ஈடன்று. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாது உப்புக்களே. கடைவாய்ப் பல்லின் மேட்டில் இதன் கனம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். இதன் கீழே டென்டைன் என்னும் பகுதி, மஞ்சள் சாயலுடன், எண்ணற்ற நுண்குழாய்களைக் கொண்டதாக இருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவது இக்குழாய்களின் வழியேதான். இதற்கும் உள்ளே நடுவில் பற்கூழ். அதில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. பல்லின் உயிர் அங்கே இருக்கிறது.

பல்லின் வேர் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகியிருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் மிக நுண்ணிய நார்கள் அதனை எலும்புக் குழியில் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கடினமான பண்டத்தைக் கடிக்கும்போது அதிர்ச்சி எலும்பைத் தாக்காமல் அந்நார்கள் தாங்கிக்கொள்கின்றன. அந்நார்களையும் எலும்பையும் ஈறு போர்த்திக் காக்கிறது.

எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள், பல் ஈற்றைக் கிழித்து வெளிவரும் வேளையில் தம் பணியை முடித்து மறைந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடும். அறுபட்ட தோல் ஆறும். எனாமலில் குழி விழுந்தால் அது தானே நிரம்புவதில்லை. இது படைத்தவன் வகுத்த அமைப்பு. ஒருமுறை தந்தான், காக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தான். அமானிதம் என்று மார்க்கம் சொல்வது இதைப் போன்றவற்றைத்தானே!

சொத்தை எவ்வாறு உண்டாகிறது? நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் உண்டு, அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலின் தாது உப்பைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்லத் தணித்து, கரைந்த உப்பைச் சிறிது சிறிதாக மீளச் சேர்க்கிறது. குழி விழுமுன் உள்ள தொடக்க நிலைக்கே இந்தச் சீர்திருத்தம் உதவும். நாள் முழுதும் தேநீரும் மிட்டாயுமாக இருப்பவனுக்கு உமிழ்நீர் சீர்செய்ய நேரமே கிடைப்பதில்லை. அமிலம் எனாமலைத் துளைத்து, டென்டைனைக் கடந்து, பற்கூழை எட்டும்போது அது வீங்குகிறது. வீங்க இடமோ இல்லை. சுற்றிலும் கல் போன்ற சுவர். நிலக்கரியின் அடியிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும் என்பார்கள். நள்ளிரவில் பல் தெறிப்பதும் அத்தகைய அழுத்தத்தாலேயே.

எழுதுகோலும் சட்டமும்

கல்லூரி தொடங்கியதோடு ரஃபியுத்தீன் அஹ்மத் ஓய்ந்துவிடவில்லை. 1925 இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி, 1946 வரை தாமே அதன் ஆசிரியராக இருந்தார். பற்சிகிச்சை பற்றி மாணவர்களுக்கான கையேடு ஒன்றை 1928 இல் வெளியிட்டார். வங்காளத்தில் பல் மருத்துவர்களுக்கெனச் சங்கம் அமைத்தார்.

குறடு பிடித்தவரெல்லாம் பல் வைத்தியர் என்னும் நிலை மாற வேண்டுமானால் சட்டம் வேண்டும். 1939 ஆம் ஆண்டு வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. தகுதியும் பதிவும் பெற்றோரே இத்தொழிலைச் செய்ய வேண்டும் என்னும் நெறிக்கு இந்தியாவில் அது தொடக்கமாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1948 இல், இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் வந்தது. அச்சட்டம் வந்தபோது, கல்கத்தாவில் ஒரு கல்லூரி இருபத்தெட்டு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது என்பதை மறக்கலாகாது.

கையளித்த கொடை

1947 இல் நாடு இரண்டாயிற்று. ரஃபியுத்தீன் அஹ்மத் பிறந்த மண் கிழக்குப் பாகிஸ்தானாகப் பிரிந்து போயிற்று. அவர் வளர்த்த கல்லூரி இந்தியாவின் கல்கத்தாவில் இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் இடம் பெயர்ந்த அந்த நாட்களில் அவர் கல்கத்தாவிலேயே நிலைத்தார். 1949 இல் அவர் செய்த செயல்தான் அவருடைய வாழ்க்கையின் சிகரம் என்று சொல்லலாம். தாம் தோற்றுவித்து, தம் வருவாயைக் கொட்டி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பேணிய கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் நன்கொடையாக ஒப்படைத்தார். இன்று அது அவர் பெயராலேயே டாக்டர் ஆர். அஹ்மத் பல் மருத்துவக் கல்லூரி என்று வழங்குகிறது. கொல்கத்தாவில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் அதனைக் காணலாம்.

வாசகர்களே! தாம் தொடங்கிய நிறுவனத்தைத் தம் மக்களுக்கும் மருமக்களுக்கும் பங்கிட்டுத் தருவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். தம் கைப்பட வளர்த்ததைத் தம் வாழ்நாளிலேயே மக்களின் சொத்தாக்கிவிட்டவர் எத்தனை பேர்? மனிதன் இறந்தபின்னும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும் செயல்களுள் பயன்தரும் கல்வியையும் நிலைத்த தருமத்தையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அக்கல்லூரியில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காண்க.

பொது வாழ்விலும் அவர் பங்கு கொண்டவர். 1932 முதல் 1936 வரை கல்கத்தா மாநகராட்சியின் உறுப்பினராக இருந்தார். 1950 இல் மேற்கு வங்க அமைச்சரவையில் இடம் பெற்று 1962 வரை பணியாற்றினார். வேளாண்மை, கூட்டுறவு, நிவாரணம், மறுவாழ்வு ஆகிய துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அன்றைய முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராயும் மருத்துவரே. பிரிவினையால் வீடிழந்து வந்த மக்கள் பெருந்தொகையினராய்க் குவிந்திருந்த மாநிலத்தில், மறுவாழ்வு என்பது எளிதான பொறுப்பன்று.

1964 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. மறு ஆண்டு, 1965 பிப்ரவரி 9 ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பிறந்த டிசம்பர் 24 ஆம் நாளை இந்நாட்டுப் பல் மருத்துவர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடி வருகிறார்கள்.

நமக்குரிய பாடம்

கல்கத்தாவில் ஏற்றிய விளக்கு தமிழகத்திற்கும் வந்து சேர்ந்தது. 1953 இல் சென்னையில் அரசின் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. நெய்வேலி அமைந்துள்ள கடலூர் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1980 இல் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. பின்னாளில் அது அரசுக் கல்லூரியாகவும் ஆயிற்று. அன்று அயோவாவுக்குக் கப்பலேறிக் கற்க வேண்டியிருந்த கலை, இன்று பேருந்தில் சென்றடையும் தொலைவில் இருக்கிறது. ஆனால் வலி தாங்க முடியாத நிலை வந்தாலன்றிப் பல் மருத்துவரிடம் போவதில்லை என்னும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுங்கை நினைவுகூருங்கள். ஒவ்வொரு ஒளுவிலும் மும்முறை வாய் கொப்பளிக்கிறோம். தம் சமுதாயத்தாருக்குச் சிரமமாகிவிடுமோ என்னும் எண்ணம் இல்லாவிடில், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்னும் கருத்தை அண்ணலார் (ஸல்) வெளியிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் உகாய் எனப்படும் மரத்தின் குச்சியே மிஸ்வாக். கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் அதில் உள்ளன என்று இக்கால ஆய்வுகளும் கண்டுள்ளன. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று தமிழ் முன்னோரும் அறிந்திருந்தனர். குச்சியோ தூரிகையோ எதுவாயினும், பல்லும் ஈறும் சேரும் விளிம்பைத் தூய்மை செய்வதே முக்கியம். அங்கே படியும் மென்மையான அழுக்கு, சில நாட்களில் காரையாக இறுகிவிடும். காரை இறுகிய இடத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசியும். பின்னர் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத பல்லும் ஆடி விழும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் விரைவாக நேரும்.

இரவுப் பணியில் தூக்கம் கலைய வேண்டும் என்று புகையிலையை உதட்டுக்குள் அடக்கி வைப்போரும், பாக்கைச் சதா மெல்வோரும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். புகையிலை மட்டுமின்றிப் பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. வாய் முன்போல் அகலத் திறக்க இயலாமை, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோன்றும் திட்டு, இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண் ஆகியன அதன் முன்னறிவிப்புக்கள். வலி இல்லை என்று வாளாவிருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் அதற்கு வலி இராது.

இன்னும் ஒன்று. விளையாட்டில் விழுந்து சிறுவனின் நிலைப்பல் முழுதாகக் கழன்றுவிட்டால், அதனை எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல், மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால், அதே குழியில் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. வேரைச் சுற்றியுள்ள நார்கள் உயிரோடிருக்கும் வரையே அது கூடும். பாற்பல்லை அவ்வாறு பொருத்துவதில்லை.

ஆறு வயதுக் குழந்தை உங்கள் இல்லத்தில் இருக்கிறதா? இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் அதன் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பற்களைப் பாருங்கள். புதிதாக எழுந்துள்ள கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால், வலிக்கட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு ஒரு நாள் செலவாகலாம். அக்குழந்தை முதுமையிலும் திருத்தமாக ஓதுவதற்கும், நன்கு மென்று உண்பதற்கும், முகம் மலர்ந்து சிரிப்பதற்கும் அந்த ஒரு நாள் துணை நிற்கும். அமானிதங்களைப் பேணிக் காப்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் சேர்த்தருள்வானாக!